பொதி ஒட்டகத்துக்கு முதுகுப் புண்: சேணத்தைப் பாருங்கள்

கேள்வி: ராஜஸ்தானில் பார்மர் ஊர்ப் பக்கம் பண்ணை வைத்திருக்கிறேன். ஏழு வயது ஆண் ஒட்டகத்தில் 200 கிலோ தீவன மூட்டை ஏற்றுகிறோம். ஒரே வாரத்தில் திமிலோரம் தோல் உரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் 400 கிலோவுக்கு மேல் சுமந்தனவாமே, என் ஒட்டகம் சோடையா?

பதில்: சோடை இல்லை. 1860-களில் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒட்டகங்களும் பெரும்பாலும் உங்கள் பக்கத்துக் கராச்சியில் கப்பலேறியவைதான். கூடவே சேணம் கட்டத் தெரிந்த ஆட்களும் போனார்கள். 400 கிலோ என்பது வலுத்த, பழகிய ஆண் ஒட்டகத்தின் கணக்கு. 1856-இல் டெக்சாஸில் அமெரிக்க ராணுவம் சோதித்தபோது ஆறு ஒட்டகங்கள் சுமார் 1,650 கிலோ ஓட்ஸ் சுமந்தன. தலைக்கு 275 கிலோ. நீங்கள் அதைக்கூட எட்டவில்லை. ஆகவே எடையைச் சந்தேகிக்காமல் சேணத்தைப் பாருங்கள்.

பாரம் முதுகெலும்பிலும் திமிலிலும் படவே கூடாது. இரண்டு பக்க விலா மேல் வைக்கோல் திணித்த மெத்தைதான் தாங்க வேண்டும். மெத்தைகளுக்கு நடுவே, முதுகெலும்பு நெடுக, நான்கு விரல் இடைவெளி வேண்டும். மேய்ச்சல் குறைந்தால் திமில் வற்றும், சேணம் கீழே இறங்கி எலும்பில் உரசும். வைக்கோலும் நாளாக ஆக அமுங்கும். அதனால் தினமும் கைவிட்டுப் பார்த்து, அமுங்கிய இடத்தில் மேலும் திணியுங்கள்.

ஒட்டகத்தைப் படுக்கவைத்தே ஏற்றுங்கள், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில். மூட்டைகளைத் தராசில் நிறுத்துச் சமப்படுத்துங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம். ஒரு பக்கம் கனத்தால் சேணம் புரண்டு, நடக்க நடக்கத் தேய்க்கும்.

புண் ஆறும்வரை பொதி வேண்டாம். உப்புநீரால் கழுவி, ஈ மொய்க்காமல் மருந்திடுங்கள். சீழ் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறிய பிறகும் அந்த இடத்துக்கு நேரே மெத்தையில் குழிவு விடுங்கள்.

தொடை இடுக்கிலும் தலையிலும் முடி கொட்டி, மரத்தில் உரசினால் அது சேணப் புண் இல்லை, சொறி நோய். 1866-இல் ஆஸ்திரேலியப் பண்ணை முதலாளி தாமஸ் எல்டர் இறக்கிய ஒட்டகக் கூட்டத்தில் பல இந்த நோயில்தான் மாண்டன. ஐவர்மெக்டின் ஊசி, கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், தோலுக்கடியில். இரண்டு வாரம் கழித்து மறுபடி. மருத்துவர் கையால் போடுங்கள். சேண மெத்தையையும் மாற்றாவிட்டால் நோய் திரும்பும்.

வேலை நாளிலும் ஆறு மணி நேரமாவது மேயவிடுங்கள். உப்பும் மறக்காமல் வையுங்கள். மாட்டைவிட ஒட்டகத்துக்குப் பல மடங்கு வேண்டும். வரிசையாக நடத்தினால், பின்னால் வரும் ஒட்டகத்தின் மூக்கில் குத்திய கட்டையில் கட்டும் கயிறு மெல்லியதாக இருக்கட்டும். முன்னது மிரண்டு இழுத்தால் மூக்கு கிழிவதற்கு முன் கயிறு அறுந்துவிடும்.