பீசாவின் கொத்தனார்கள் – கடிதம்

ஐயாவுக்கு வணக்கம்.

போன மாதம் குடும்பத்தோடு இத்தாலி போயிருந்தோம். ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் பீசா போய், இரண்டு மணி நேரத்தில் அந்தச் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். மண்ணைச் சோதிக்காமல் 3 மீட்டர் அஸ்திவாரம் போட்டு 60 மீட்டர் அளவுக்கு எழுப்பியிருக்கிறார்கள். அந்த முட்டாள்தனத்தைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது. தம்பி அடுத்த கோடையில் போகிறான். அரை நாள் போதுமா? காசு கொடுத்து மேலே ஏற வேண்டுமா? அங்குள்ள கட்டடங்களின் பாணி கோதிக்கா, ரோமனெஸ்க்கா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் ரோமனெஸ்க். கோபுரம் நிற்கும் அதே வளாகத்தில், 1152இல் தொடங்கிய திருமுழுக்கு ஆலயத்தில் கீழே அரைவட்ட வளைவுகள், மேலே கூர்முனைகள். கீழே ரோமனெஸ்க், மேலே கோதிக். பெயர் தெரிந்துவிட்டது, என்ன செய்யப்போகிறீர்கள்? அதே ஆலயத்தின் கூரை, கடலைப் பார்த்த மேற்குப் பாதியில் சிவப்பு ஓடு, கிழக்குப் பாதியில் ஈயத்தகடு. அதைப் பார்த்தீர்களா? கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுப்பதில் தவறில்லை, குழந்தைகளுக்கு அது சந்தோஷம். ஆனால் அந்தக் கூரைக்கு ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம்.

'முட்டாள்தனம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கோபுரத்துக்குக் கீழே முதல் 10 மீட்டர் ஆற்று வண்டலும் மணலும். அதற்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை பெரும்பாலும் கடல் களிமண். மேல் மண்ணிலும் தெற்குப் பக்கம் கொஞ்சம் இளக்கம். அதன்மேல் 14,500 டன். சதுர மீட்டருக்கு 50 டன் வருகிறது. 1173இல் வேலை தொடங்கி, 1178 வாக்கில் மூன்று தளங்களுக்குச் சற்று மேலே போனதும் நின்றது. ஏறத்தாழ நூறு ஆண்டு இடைவெளி. நின்றதற்குக் காரணம் போர்கள்தான், யாரும் திட்டமிட்டு நிறுத்தவில்லை. ஆனால் பாரம் ஏறிய களிமண், தன்னிடமிருந்த நீரைத் துளித்துளியாக வெளியே விட்டு இறுகுவதற்கு அந்த நூறு ஆண்டு கிடைத்தது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் களிமண் பிதுங்கி, கோபுரம் அன்றே விழுந்திருக்கும். 1272இல் மறுபடி தொடங்கி, ஆறு ஆண்டுக்குப் பின் மறுபடி நின்று, உச்சியிலுள்ள மணி அறை மட்டும் 1370ஐ ஒட்டி முடிந்தது.

இந்த இருநூறு ஆண்டும் அங்கே நின்ற கொத்தனார்களுக்குச் சாய்வு கண்ணுக்குத் தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், முதலில் அது சாய்ந்தது வடக்கே, அதுவும் மிகக் கொஞ்சமாக. தெற்கே திரும்பியது இரண்டாம் கட்ட வேலையில். அவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கல் வரியின் உயரத்தை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் குறைத்து, மட்டத்துக்கு இழுத்தார்கள். நம்பவில்லையென்றால் உங்கள் தம்பியை ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லுங்கள். கோபுரத்துக்குக் கிழக்கே, புல்வெளி ஓரமாகப் போய் நிற்கட்டும். தெற்கிலோ வடக்கிலோ நின்றால் சாய்வே தெரியாது. ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலைக் கோபுரத்தின் விளிம்போடு ஒட்டிப் பார்க்கட்டும். கீழ்த்தளங்களின் விளிம்பு நூலை விட்டு விலகிப் போகும். மேலே போகப் போக விலகும் வேகம் குறையும். மணி அறைக்கு வந்ததும் கல் சட்டென்று நூலைப்போல் நிமிரப் பார்க்கும். கோபுரம் நேர்கோடல்ல, வாழைப்பழம்போல் வளைந்தது. ஏழாம் தளத்திலிருந்து மணி அறைக்கு ஏறும் இடத்தில் இன்னும் பச்சையாகத் தெரியும்: தெற்கே 6 படி, வடக்கே 4 படி. அந்த இரண்டு படியை முட்டாள் வைக்கமாட்டான், ஐயா. தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு தலையைச் சொறிந்தவன்தான் வைப்பான்.

பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள், அதையும் கேளுங்கள். புதைந்துபோன அடித்தூண்களை வெளியே காட்டவேண்டுமென்று 1838இல் கோபுரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார்கள். தெற்குப் பக்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் தண்ணீர் பீறிட்டது. சாய்வு அரை பாகை கூடியது. 1934இல் அஸ்திவாரத்தில் 361 துளை போட்டுச் சிமென்ட் பால் செலுத்தினார்கள். கோபுரம் தெற்கே இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. 1995 செப்டம்பரில் தண்ணீர் வராமல் தோண்ட நினைத்து, திரவ நைட்ரஜனால் மண்ணை உறையவைத்தார்கள். ஓர் ஆண்டில் சாயவேண்டியது ஒரே இரவில் சாய்ந்தது. பதறிப்போய், சாய்வைத் தடுக்க வடக்குப் பக்கம் ஏற்கெனவே வைத்திருந்த ஈயக்கட்டிகளோடு இன்னும் அடுக்கினார்கள், மொத்தம் 900 டன் அளவுக்கு.

கடைசியில் பலித்தது எளிய வேலை. வடக்குப் பக்கம் 41 குழாய்களைச் சரிவாக இறக்கி, திருகு துரப்பணத்தால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள். எடுத்த மண் மொத்தம் 38 கன மீட்டர், நாலைந்து லாரிச் சுமை. அடியில் இடம் விட்டதும் வடக்குப் பக்கம் அமுங்கி, கோபுரத்தின் உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் திரும்பி வந்தது. குறைந்த சாய்வு அரை பாகை. அதாவது 1838இல் பள்ளம் வெட்டியவர்கள் கூட்டியதை 2001இல் கழித்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பள்ளம் வெட்டுவதற்கு முன் இருந்த சாய்வுக்குக் கோபுரம் ஏறத்தாழ திரும்பியிருக்கிறது.

பாருங்கள், உங்கள் தம்பியை மறந்தே போனேன். அரை நாள் போதாது. அதே வளாகத்துப் பேராலயத்துக்குள் ஜொவான்னி பிசானோ என்ற சிற்பி செதுக்கிய பிரசங்க மேடை ஒன்றுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். 1944 குண்டுவீச்சில் கூரையின் ஈயம் உருகி ஓவியங்களின்மேல் வழிந்த கம்போசாந்தோ கல்லறை மண்டபத்தைப் பெரும்பாலோர் வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். அவன் விடவேண்டாம்.

கோபுரத்திலும் ஏறட்டும். நேரம் குறித்த சீட்டுதான் தருவார்கள், கோடையில் முன்பதிவு இல்லாமல் அன்றைக்கே கிடைப்பது கடினம். பையை வெளியே வைக்கவேண்டும். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடுவதில்லை. படிக்கட்டு சுவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் போகிறது, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உடம்பு ஒருமுறை சுவரில் சாயும், ஒருமுறை வெளிப்பக்கம் தள்ளும். பளிங்குப் படிகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருக்காது. கோபுரம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கம் குழி விழுந்திருக்கும்.

அன்புடன்.