லார்ச் மஞ்சளாகும் பருவத்தில் ஏரிச் சுற்று: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சென்ற வருடம் அக்டோபர் 20 வாக்கில் வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கு காஸ்கேட் மலைக்குப் போனோம். மேலே லார்ச் (இலையுதிர் காலத்தில் மஞ்சளாகி ஊசிகளை உதிர்க்கும் ஊசியிலை மரம்) எல்லாம் மொட்டை. கீழே சாலையோரத்தில் மட்டும் மஞ்சளாக நின்றது. எப்போது போவது சரி? (வாசகர், பெல்வியூ)

நீங்கள் பார்த்தவை இரண்டு வேறு இனங்கள். கீழே நின்றது மேற்கத்திய லார்ச். அது அக்டோபர் பாதிக்கு மேல்தான் நிறம் மாறும். ஏரிக்கரைகளில் நிற்பது லாரிக்ஸ் லயாலி என்ற உயர்மலை இனம். இது செப்டம்பர் கடைசி வாரத்தில் மஞ்சளாகத் தொடங்கி, அக்டோபர் 10-க்குள் பெரும்பாலும் உச்சத்தைத் தாண்டிவிடும். நல்ல உறைபனிக்குப் பிறகு ஒரு பலத்த காற்று அடித்தால் போதும், ஒரே நாளில் உதிர்ந்துவிடும். கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள்: குட்டையான கணு ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது மெல்லிய ஊசிகள் கொத்தாக இருக்கும், இளந்தளிர்க் குச்சியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை ரோமம் இருக்கும். அதுதான் உயர்மலை லார்ச். பார்த்தால் போதும், ஒடிக்க வேண்டாம். நூறு வயதை நெருங்கும்வரை இது காய்ப்பதே அபூர்வம்.

கேள்வி: வாஷிங்டனின் என்சான்ட்மென்ட்ஸ் ஏரிப் பகுதியில் இரவு தங்கும் அனுமதிக்கான குலுக்கலில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு இரவு தங்கி நடக்க வேறு ஏரிச் சுற்று உண்டா?

வாஷிங்டனிலேயே உள்ள சாடூத் மலைத்தொடரில் கோல்டன் லேக்ஸ் சுற்று இருக்கிறது. சுமார் 37 கிலோமீட்டர். குலுக்கல் கிடையாது. மார்ட்டின் ஏரிகள் வழியாக ஏறி முதல் இரவு கூனி ஏரியில் தங்கலாம். மறுநாள் சுமார் 8,000 அடி உயரமுள்ள ஏஞ்சல்ஸ் ஸ்டேர்கேஸ் முகட்டைக் கடந்து பாய்லிங் ஏரிக்கு இறங்கலாம். மூன்றாம் நாள் ஹார்ஸ்ஹெட் கணவாய், ஈகிள் ஏரிகள் வழியாகத் திரும்பலாம். இந்தப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். அக்டோபரில் முகட்டின் நிழல் பக்கம் காலையில் பனி இறுகிக் கிடக்கும். விடியும் முன் கிளம்ப வேண்டாம், வெயில் பட்டதும் ஏறுங்கள். பகல் பதினொன்றரை மணி நேரம்தான் என்பதால் பிற்பகல் நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

கேள்வி: ஏரிக்கரையிலேயே டென்ட் அடித்தோம். உள்ளே எல்லாம் நனைந்து, குளிரில் தூக்கமே இல்லை. என்ன தவறு?

இடம்தான் தவறு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் வழிந்து வந்து ஏரிப் பள்ளத்தில் தேங்கும். நீரோரத்து ஈரமும் சேர்ந்தால் டென்ட் துணியின் உட்புறம் மூச்சுக்காற்று பனித்துளியாகும். கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, பள்ளத்தைவிடச் சற்று உயர்ந்த மரத்தடியில், ஏற்கெனவே மண் வெறுமையாக இருக்கும் இடத்தில் அடியுங்கள். காற்றுத் துவாரங்களைத் திறந்தே வையுங்கள். குளிருக்குப் பயந்து மூடினால்தான் நனையும். ஸ்லீப்பிங் பேக்கின் கம்ஃபர்ட் அளவு (குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை) மைனஸ் 7 டிகிரி செல்சியஸாக இருக்கட்டும். கீழே விரிக்கும் பேடின் ஆர்-வேல்யூ (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 4-க்குக் குறையக் கூடாது. பேக் எவ்வளவு நல்லதானாலும் உடல் அழுத்தும் இடத்தில் இறகு நசுங்கிவிடும். அங்கே தரையின் குளிரைத் தடுப்பது பேட் மட்டும்தான்.

கேள்வி: விடியற்காலையில் கேஸ் அடுப்பு மங்கி அணைந்துவிட்டது. கேனில் கேஸ் இருந்ததே?

சாதா பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும். கலவையில் புரொப்பேன் முதலில் தீர்ந்துபோவதால்தான் பாதி கேனில் தொல்லை வருகிறது. ஐசோபியூட்டேன்-புரொப்பேன் கலவை வாங்கி, இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். அப்படியும் மங்கினால், ஏரித் தண்ணீர் ஊற்றிய ஆழமற்ற தட்டில் கேனை நிறுத்துங்கள். உறையாத நீர் கேனைவிடச் சூடானது. கொதிக்கும் நீர் வேண்டவே வேண்டாம், ஆபத்து. குளிரில் அரை லிட்டர் கொதிக்கச் சுமார் 10 கிராம் கேஸ் ஆகும். இரண்டு பேர் இரண்டு இரவுக்கு ஆறு லிட்டர் என்றால் 120 கிராம். 110 கிராம் கேன் போதாது, 230 கிராம் கொண்டுபோங்கள்.

கேள்வி: வாட்டர் ஃபில்ட்டர் உறைந்துவிட்டது. உருகிய பிறகு பயன்படுத்தலாமா?

கூடாது. உள்ளிருக்கும் நுண்குழல்கள் விரிந்து வெடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போலவே வரும். ஒருமுறை நனைந்த ஃபில்ட்டரை ஜிப் பையில் போட்டுப் பகலில் சட்டைப் பையிலும், இரவில் ஸ்லீப்பிங் பேக்கிலும் வையுங்கள். கைவசம் தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் டையாக்சைடு மாத்திரை இருக்கட்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சாக நான்கு மணி நேரம் ஆகும், ஆகவே மறுநாள் காலைத் தண்ணீரில் முந்தைய மாலையே மாத்திரை போட்டு வையுங்கள்.