1926 அடிக்கல்லில் உள்ள 'எம்.எல்.சி.' பிழையன்று

வணக்கம் ஐயா. பழைய வண்ணாரப்பேட்டையில் நீங்கள் படித்த பள்ளியின் 1926ஆம் ஆண்டு அடிக்கல்லில் ஒருவர் பெயருக்குப் பின் 'எம்.எல்.சி.' என்றிருப்பதால், அவர் மேலவை உறுப்பினரா, நூற்றாண்டு மலரில் அதை 'எம்.எல்.ஏ.' என்று திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அருள்கூர்ந்து திருத்தாதீர்கள்; கல்லில் உள்ளதே சரி.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி 1920இல் தேர்தல் நடந்தபோது சென்னை மாகாணத்துக்கு இருந்தது ஒரே அவைதான். லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் என்ற அதன் பெயரிலிருந்தே 'எம்.எல்.சி.' பிறந்தது. உங்கள் பேட்டையில் இன்றும் கல்லூரியின் பெயராக விளங்கும் சர் பிட்டி தியாகராயர், முதலமைச்சர் பொறுப்பை ஏற்க மறுத்து, இந்த அவையில்தான் உறுப்பினராக அமர்ந்திருந்தார். ஆனால், அன்றைய எம்.எல்.சி.யை இன்றைய சட்டமன்ற உறுப்பினருக்கு முற்றிலும் நிகராகக் கொள்ள இயலாது. அன்று சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்ததோடு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் போல நியமனத்தின் வழியாக வந்தவர்களும் அவையில் இருந்தனர்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937இல் பேரவை, மேலவை என இரண்டு அவைகள் அமைந்த பிறகுதான் பேரவையினர் 'எம்.எல்.ஏ.' ஆயினர், 'எம்.எல்.சி.' மேலவையினருக்கு மட்டும் உரியதாகி, 1986இல் மேலவை கலைக்கப்பட்டதோடு இங்கே வழக்கொழிந்தது.

மலரில் கல்லின் வாசகத்தை எழுத்து மாறாமல் அச்சிட்டு, அதன் கீழே 'சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினர்' என்று சிறு குறிப்பு சேர்த்தால் போதும்.