கிடங்குச் சுவரில் அப்பாவை நிறுத்துவது எப்படி?

கேள்வி: கவின்கலைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். தூத்துக்குடியில் மூட்டை தூக்கும் என் அப்பாவைப் பற்றி 12 நிமிட வீடியோ எடுத்திருக்கிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு குழுக் கண்காட்சிக்காகப் பழைய மிளகுக் கிடங்கில் எனக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டு ஜன்னல். 3,000 லூமன் புரொஜெக்டர் கையில் இருக்கிறது. சுவரை வெள்ளையடித்து 3 மீட்டர் அகலத்துக்குப் படம் காட்டலாமா?

பதில்: தயவுசெய்து வெள்ளையடிக்காதீர்கள். கிடங்குச் சுவரில் மூட்டை அடுக்கி, முதுகு உரசி, ஆள் உயரத்துக்குக் கறை ஏறியிருக்கும். உங்கள் அப்பா சுமப்பதைப் போன்ற மூட்டைகள் விட்டுப்போன தடம் அது. அதன் மேலேயே அவர் நிற்கட்டும்.

முதலில் ஒரு முழு நாள் அந்த அறையில் போய் உட்காருங்கள். நான் ஒருமுறை காலை 10 மணிக்குச் சுவரைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் முடிவு செய்தேன். திறப்பு நாளன்று சாயங்காலம் 4 மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் படத்தின் நடுவில் வந்து விழுந்தது. ஒரு மணி நேரம் சுவரில் எதுவுமே தெரியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 3 மீட்டர் அகலப் படம் சுமார் 1.7 மீட்டர் உயரம் இருக்கும். பரப்பு 5 சதுர மீட்டர். புரொஜெக்டர் தரும் மொத்த ஒளியான 3,000 லூமனை அதால் வகுத்தால் சுவரில் 600 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. கறை படிந்த சுவர் அதிலும் பாதியை விழுங்கிவிடலாம். தூரமும் இடிக்கும். சாதாரண புரொஜெக்டருக்குப் படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி வேண்டும், அதாவது 4.5 மீட்டர். உள்ளே வருகிறவர்களின் தலையெல்லாம் படத்தில் விழும்.

ஆகவே புரொஜெக்டரைப் பக்கவாட்டில் சாய்த்து, படத்தை நிமிர்த்திவிடுங்கள். 2 மீட்டர் உயரம், 1.1 மீட்டர் அகலம் போதும். தோளில் மூட்டையோடு ஓர் ஆள் அசல் உயரத்தில் நிற்கலாம். வெளிச்சம் 1,300 லக்ஸைத் தாண்டும், தூரமும் 3 மீட்டராகக் குறையும். இன்னொரு வசதியும் உண்டு. மேசையில் வைத்தால் படத்தை மேல்நோக்கி எறியும் புரொஜெக்டர், சாய்த்தால் ஒரு பக்கமாக எறியும். லென்ஸ் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஓரமாக இருந்தால், பார்ப்பவர் அப்பாவுக்கு நேர் எதிரே போய் நிற்கலாம். ஆனால் லாம்ப் வைத்த புரொஜெக்டர்கள் பலவற்றுக்குச் சாய்த்து வைப்பது ஆகாது, சூடேறும். கையேட்டைப் பாருங்கள், ஆகாதென்றால் லேசர் வகையை வாடகைக்கு எடுங்கள்.

அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலா 2014-இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்குச் செய்த ‘மார்ட்டர்ஸ்’ (தியாகிகள்) என்ற வீடியோ படைப்பு நான்கு நிமிர்ந்த திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள். ஒலியே கிடையாது. வழிபாடு நடக்கும் இடத்தில் அது எவ்வளவு பொருத்தம்! உங்களுக்கும் ஒலி தேவையா என்று யோசியுங்கள். வேண்டுமென்றால் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை அப்பாவின் கால் பக்கத்தில் வைத்து, எதிர்ச்சுவரில் சாக்குத் துணியை மடித்து மடித்துத் தொங்கவிடுங்கள், எதிரொலி அடங்கும்.

அப்பாவை மறுபடியும் எடுக்க வேண்டிவரும்: கறுப்புத் துணிக்கு முன்னால், கேமராவையும் நிமிர்த்தி, தலை முதல் கால் வரை. புரொஜெக்டரின் கறுப்பு முழு இருட்டு கிடையாது. மங்கலான சாம்பல் கட்டம் ஒன்று சுவரில் தெரியும். கறுப்பு அட்டையை வெட்டி லென்ஸுக்குச் சற்று முன்னால் வைத்து அந்த விளிம்பை மறையுங்கள், காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

12 நிமிடக் கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். மூட்டையோடு வருகிறார், நிற்கிறார், மூச்சு வாங்குகிறார், போகிறார், அவ்வளவு போதும். வெறும் சுவரில் தொடங்கி வெறும் சுவரில் முடிந்தால், திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் ஒட்டு தெரியாது. சில புரொஜெக்டர்களில் பென்டிரைவைச் செருகி ஓட்டினால் ஒவ்வொரு சுற்றின் இடையிலும் மெனு எட்டிப்பார்க்கும்; தனி மீடியா பிளேயர் வாங்கிவிடுங்கள். அப்புறம் யூபிஎஸ். ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுச் சோதியுங்கள்.

கடைசியாக, அப்பாவின் உயரத்தை டேப் வைத்து அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தலை அந்தக் கோட்டில் முட்ட வேண்டும், பாதம் தரையைத் தொட வேண்டும். முடிந்தால் திறப்புக்கு முந்தின நாளே அவரைக் கொச்சிக்கு வரச்சொல்லி, பக்கத்தில் நிறுத்திச் சரிபாருங்கள்.