ஸ்பெயினின் ரோண்டாவில் அந்தப் பாலத்தைத் தவிர என்ன இருக்கிறது? மலாகாவிலிருந்து ஒரு நாள் போதுமா?

"பாலத்தைத் தவிர" என்று கேட்டிருக்கிறீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் பாலத்தையே சரியாகப் பார்ப்பதில்லை.

மேலே நின்று எட்டிப் பார்த்தால் பள்ளம் தெரியும், பாலம் தெரியாது. மரியா அவுக்ஸிலியாதோரா சதுக்கத்திலிருந்து ஒரு பாதை கீழே இறங்குகிறது. கால் மணி நேரம் இறங்கினால் 98 மீட்டர் உயரமும் கண்ணெதிரே நிற்கும். அது மேற்குப் பக்கம், காலையில் வெறும் நிழல்தான்; பிற்பகலில் போங்கள். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், செருப்போடு இறங்காதீர்கள். ஏறி வர இரண்டு மடங்கு நேரம் வையுங்கள்.

பாலத்தைக் கட்டிய அல்தேவேலா, பறந்த தொப்பியைப் பிடிக்கப் போய் விழுந்து செத்தார் என்று வீடியோவுக்கு வீடியோ அளக்கிறார்கள். அவர் 1802இல் மலாகாவில் இறந்தவர். சாவு விழுந்தது அதற்கு முந்தைய பாலத்தில்: 1735இல் அவசரமாகக் கட்டி, 1741இல் இடிந்து, சுமார் 50 பேர் போனார்கள். இப்போதுள்ளதை 1751இல் தொடங்கி 1793இல்தான் முடித்தார்கள். அதற்கு இன்றும் பெயர் 'புதுப்பாலம்'!

மூர் (அந்தக் காலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்கள்) அரசன் வீடு என்ற பெயரை நம்ப வேண்டாம். அது 18ஆம் நூற்றாண்டு வீடு, எந்த அரசனும் இருந்ததில்லை. ஆனால் அதன் தோட்டத்திலிருந்து பாறையைக் குடைந்து ஆறுவரை இறங்கும் சுமார் 200 படிகள் நிஜமாகவே மூர் காலத்தவை. முற்றுகை வந்தால் ஊருக்குத் தண்ணீர் இந்த வழியாகத்தான். 1485இல் கிறிஸ்தவப் படை இதை மடக்கியதும் ஊர் விழுந்தது. உள்ளே ஈரம், இருட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு அரபுக் குளியல்கூடத்துக்குப் போகலாம். கூரையின் நட்சத்திரத் துளைகள் வழியே வெளிச்சம் இறங்கும். 1785இல் திறந்த காளைச்சண்டை அரங்கம், கட்டடமாகப் பார்த்தால் அழகு. காளைச்சண்டைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். பிடிக்காதவர்கள் தாண்டிப் போனால் ஒன்றும் குறையாது.

மலாகாவிலிருந்து பஸ்ஸில் போக மட்டும் சுமார் இரண்டு மணி நேரம். ஒரு நாளில் முடியும், ஆனால் சுற்றுலா பஸ்கள் குவியும் அதே நடுப்பகலில்தான் நீங்களும் மாட்டுவீர்கள். ஓர் இரவு தங்கினால் சாயங்காலம் தெருக்கள் உங்களுக்கே. கடற்கரை ஊரான மார்பெயா பக்கமிருந்து வரும் மலைச்சாலையில் வளைவுகள் அதிகம். குமட்டல் வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

சைவக்காரர்களுக்கு: சல்மோரேஹோ என்பது குளிர்ந்த தக்காளிக் கூழ், ஆனால் மேலே பன்றித்தொடைத் துண்டும் முட்டையும் தூவித்தான் வரும். "சின் ஹமோன், சின் வேவோ" (பன்றித்தொடை வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.