வெளிச்சம் எந்தப் பக்கம்? வாசகர் கேள்வி – பதில்

மணமக்களை வெளியில் வைத்துப் படமெடுக்க, மதியம் 12 மணியை ஒட்டித்தான் நேரம் கொடுக்கிறார்கள். கண்குழி கறுத்து, நெற்றி வெளுத்துவிடுகிறது. கேமரா செட்டிங்கில் இதைச் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், கரூர்

முடியாது. நிற்கும் இடத்தை மாற்றினால்தான் சரியாகும். முதலில் கட்டட நிழலைத் தேடுங்கள். மண்டபத்தின் விளிம்பு, வீட்டுத் திண்ணை, போர்ட்டிகோ எதுவானாலும் சரி. நிழல் முடிகிற கோட்டிலிருந்து ஓரடி, இரண்டடி உள்ளே மணமக்களை வெளிப்பக்கம் பார்த்து நிறுத்தினால், திறந்த வானத்தின் வெளிச்சம் முகத்தில் சீராக விழும். எதிரே வெயில் படும் சிமென்ட் தரை இருந்தால் இன்னும் நல்லது. தரையிலிருந்து எழும்பும் வெளிச்சமே கண்குழியை நிரப்பிவிடும். மரநிழல் இரண்டாம்பட்சம்தான். இலை இடுக்கில் விழும் வெயில் பட்டுப்புடவையில் திட்டுத்திட்டாகத் தெரியும். முகத்தில் பச்சைச் சாயலும் ஏறும்.

நிழலே கிடைக்காவிட்டால், "வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்" என்ற வழக்கமான யோசனை நம் ஊரில் எல்லா மாதமும் செல்லாது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் தமிழ்நாட்டில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்கு நுனியில் வெயில் விழும். டிசம்பர், ஜனவரியில் அதே 12 மணிக்குச் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்குப் பார்த்து நிறுத்தினால் முகம் முழுக்க நிழலில் இருக்கும், தலைமுடி ஓரத்தில் மட்டும் ஒளிக்கோடு வரும். முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) வையுங்கள். தானியங்கி அளவீட்டில் எடுத்தால் +1 வரை கூட்ட வேண்டியிருக்கும். முகத்தை நிரப்ப, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளை தெர்மாகோல் அட்டையே போதும். ஒருவர் அதை நெஞ்சு உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளிப் பிடிக்கட்டும். முழங்காலுக்குக் கீழே பிடித்தால் மோவாய்க்கு அடியில் வெளிச்சம் அடித்து, பேய்ப்பட முகம் போல ஆகிவிடும். வெள்ளி ரிஃப்ளெக்டரை அந்த வெயிலில் காட்டினால் மணப்பெண்ணால் கண்ணைத் திறக்கவே முடியாது.

ஃபிளாஷ் பயன்படுத்துவதென்றால் ஒரு கணக்கு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/200 நொடி என்றால் நல்ல வெயிலுக்கு அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) எஃப் 11 ஆகும். பின்புலம் மங்க எஃப் 4 வேண்டுமானால் மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாகும்) வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு என்டி 8 ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடி. ஃபில்டருக்குப் பதிலாக ஷட்டரை 1/200, 1/250-க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாகும். ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் படம் முழுக்க விழச் செய்யும் வசதி) போட்டால் பட்டை வராது, ஆனால் ஃபிளாஷின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். ஃபிளாஷ் முகத்துக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால்தான் அப்போது வேலைக்கு ஆகும்.

கல்யாண மண்டப மேடையில் எடுத்த படங்களில் குறுக்கே மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள் விழுகின்றன. சென்சார் கெட்டுவிட்டதா?
– வாசகி, திருநெல்வேலி

சென்சாருக்கு ஒன்றுமில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 இருந்தால் முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், கோடு விழாது. 1/320, 1/500 என்று போகும்போது ஒரு சுற்றின் துண்டுதான் பதிவாகும். சத்தம் வராது என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் (விளக்கின் துடிப்பைப் பார்த்து ஷட்டரை இயக்கும்) வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்; தொடர்ச்சியாகச் சுடும் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. டிஜேக்காரர்கள் வைக்கும் வண்ண பார் லைட்டுகள் வேறு தாளத்தில் துடிக்கும். அவற்றுக்கு இந்த 1/100 கணக்கு எப்போதும் பொருந்தாது. சடங்கு நேரத்தில் மட்டும் அவற்றை வெள்ளையில் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஊதா நிறத்தில் மூழ்கிய முகத்தை, ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பாக) இருந்தாலும், முழுசாக மீட்க முடியாது.

தாலி கட்டும் நொடியில் எப்போதும் யாராவது கையை நீட்டி மறைக்கிறார்கள். எங்கே நிற்பது?
– வாசகர், கும்பகோணம்

முன்கூட்டியே புரோகிதரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: மாப்பிள்ளை உட்கார்ந்தபடி கட்டுவாரா, எழுந்து குனிந்து கட்டுவாரா, நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார்? நிற்க வேண்டிய இடம் அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் நேர் முன்னாலிருந்து சற்றுப் பெண் பக்கம் ஒதுங்கி, முட்டி போட்டு எடுப்பது நல்லது. மேலிருந்து எடுத்தால் மாலையும் உச்சந்தலையும்தான் கிடைக்கும். வீடியோக்காரரோடு காலையிலேயே இடம் பிரித்துக்கொள்ளுங்கள். மேடையில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான்.

புரோகிதர் 'கெட்டிமேளம்' என்று சொல்லும்போது கை ஷட்டரில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு லென்ஸ் மாற்றுவது, கார்டு மாற்றுவது எதுவும் கூடாது. கார்டில் இடமிருக்கிறதா என்று அதற்கு ஐந்து நிமிடம் முன்பே பார்த்துவிடுங்கள். 24–70 லென்ஸில் 35 மி.மீ. அளவில், எஃப் 4, 1/100, ஐஎஸ்ஓ 1600, வெள்ளைக் கூரை என்றால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிப்பது நல்ல தொடக்கம். கை அசைவை ஃபிளாஷே உறைய வைக்கும். ஆனால் ஹோமப் புகை முன்னால் இருக்கும்போது கேமராவிலிருந்து நேராக அடித்தால் புகைதான் வெளுத்துத் தெரியும். அட்சதை விழ ஆரம்பித்ததும் ஃபோகஸ் அரிசிக்குத் தாவும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை மணப்பெண் கண்ணில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வேட்டியின் வெள்ளை வெந்துபோகாமல் இருக்கிறதா என்று ஹைலைட் எச்சரிக்கையை (மிகையாக வெளுத்த இடங்களைத் திரையில் காட்டுவது) பாருங்கள். புடவைச் சரிகை மின்னுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது மின்னத்தான் வேண்டும்.

குடும்பப் படத்தில் பின்வரிசை இருட்டாகவும் மங்கலாகவும் வருகிறது. எஃப் 11 வைக்கலாமா?
– வாசகர், வேலூர்

எஃப் 5.6 போதும். 50 மி.மீ. லென்ஸில் ஆறு மீட்டர் தள்ளி நின்றால் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவிலேயே நாலேகால் மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவாக இருக்கும். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மெதுவான ஷட்டர்தான். இருட்டுக்குக் காரணம் தூரம்: ஃபிளாஷிலிருந்து முன்வரிசை 3 மீட்டர், பின்வரிசை 4.5 மீட்டர் என்றால், பின்வரிசைக்கு விழுவது பாதிக்கும் குறைவான வெளிச்சம். ஃபிளாஷை ஸ்டாண்டில் நன்றாக உயர்த்தி, பின்வரிசையை நோக்கிச் சாயுங்கள். 24 மி.மீ. லென்ஸில் நெருங்கி எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் சித்தி இரண்டு மடங்கு அகலமாகத் தெரிவார், அந்தக் கோபம் ஆல்பம் உள்ளவரை இருக்கும்.

மாமல்லபுரம் கடற்கரையில் சூரியன் கடலில் இறங்கும் காட்சியோடு ப்ரீ-வெட்டிங் படம் வேண்டும் என்று கேட்கிறார்கள். எத்தனை மணிக்குப் போகலாம்?
– வாசகி, செங்கல்பட்டு

அங்கே கடலில் சூரியன் இறங்காது, உதிக்கத்தான் செய்யும். கிழக்குக் கடற்கரையில் மாலைச் சூரியன் நிலத்துப் பக்கம் மறையும். ஆகவே விடியற்காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் மே, ஜூன் மாதங்களில் 5.40-ஐ ஒட்டியும், ஜனவரியில் 6.30-ஐ ஒட்டியும் சூரியன் உதிக்கும். அரை மணி முன்பே மணலில் இருக்க வேண்டும். உதித்து முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு முகத்தில் வெயில் கடுமையாகிவிடும். கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வளாகத்துக்குள் முக்காலி, விளக்குகளோடு எடுக்க முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் போர்ட்ரெய்ட் லென்ஸ் 85 மி.மீ. எஃப் 1.8 வாங்கினேன். ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல்.
– வாசகர், சேலம்

ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8-க்குத் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். முகம் சற்றுத் திரும்பினாலே மறு கண் வெளியே போய்விடும். எஃப் 2.8 அல்லது 4-க்கு வாருங்கள்.

பூ மார்க்கெட்டில் அன்றாடக் காட்சிகள் எடுக்கப் போனால் ஆட்கள் கேமராவைப் பார்த்ததும் விறைத்து நிற்கிறார்கள்.
– வாசகர், மதுரை

கேமராவைக் கண்ணுக்கு எடுத்து ஃபோகஸ் தேடும் நேரம்தான் விறைப்புக்குக் காரணம். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸை 2.5 மீட்டரில் கையால் நிறுத்திவிடுங்கள். 1.7 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும், தேட வேண்டியதே இல்லை. ஷட்டர் 1/250-க்குக் குறையக் கூடாது. குறைந்தால், வேகமாக ஓடும் பூ கட்டுகிறவர் விரல் மங்கலாகிவிடும். ஒளிந்திருந்து ஜூம் போட்டு எடுப்பதைவிட, கால் கிலோ சம்பங்கி வாங்கிக்கொண்டு, "அக்கா, நீங்க பாட்டுக்குக் கட்டுங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்று கேட்டுவிடுவது மேல். முதல் இரண்டு படங்கள் விறைப்பாக வரும், மூன்றாவதிலிருந்து அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் நீர் படிகிறதே?
– வாசகி, சென்னை

துடைக்காதீர்கள், மறுபடி படியும். லென்ஸைக் கழற்றவும் கூடாது, உள்ளே ஈரம் போகும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே கேமராவை ஜிப் போட்ட பைக்குள் வைத்து, பையை வெளியே வைத்துவிடுங்கள். ஊர்வலத்துக்கு உடனே ஓட வேண்டியிருந்தால், இரண்டாவது கேமராவை ஆரம்பத்திலிருந்தே ஏசிக்கு வெளியே, நம்பகமான ஆளிடம் கொடுத்து வையுங்கள்.