ஐந்து நாள் விடுமுறைக்கு எத்தனை வேளைச் சாப்பாட்டை முன்கூட்டியே சமைத்து எடுத்துப் போகலாம்? கெடாமல் எப்படிக் கொண்டு போவது?

குடும்பத்தோடு வாடகை வீட்டில் ஐந்து நாள் தங்கப் போகிறோம், காரில் ஆறு மணி நேரப் பயணம், அங்கே அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

எல்லா வேளைக்கும் சமைக்காதீர்கள். நான் முதல் தடவை அப்படிச் செய்து, கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளும் அடுப்படியிலேயே போய்விட்டது, காரில் ஏறும்போதே உடம்பு அசந்துவிட்டது. இப்போது மூன்று இரவுச் சாப்பாடு மட்டும்தான் சமைத்து எடுத்துப் போகிறேன். காலைக்கு முட்டை, ரொட்டி, பழம் போதும், மதியம் பெரும்பாலும் வெளியேதான் இருப்போம். நாள் முழுக்கச் சுற்றிவிட்டுப் பசியோடு திரும்பும் குழந்தைகளை வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பிப்பதுதான் கஷ்டம். அதிலும் போய்ச் சேருகிற முதல் இரவு, பெட்டிகளைக்கூடப் பிரித்திருக்க மாட்டோம். ஒரே ஒரு வேளைக்குத்தான் சமைக்க நேரம் இருக்கிறது என்றால் அந்த முதல் இரவுக்குச் சமையுங்கள்.

அடுத்தது ஆறவைப்பது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை, நானும் கவனிக்காமல் இருந்தேன். ஒரு பயணத்துக்கு முந்தின இரவு, காய்கறி போட்டுக் கலந்த சோற்றைப் பெரிய பாத்திரத்தில் மூடி மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், அங்கே நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம். சில மணி நேரத்தில் இரண்டு பேருக்கு வாந்தி. சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, சோறு மெதுவாக ஆறும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன, அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்களுக்கு வந்த அறிகுறி அதற்கு அப்படியே பொருந்தியது. நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவேதான் ஆபத்து. சமைத்த உணவு அந்த இடைவெளியில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். அதனால் சமைத்ததும் அகலமான தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள், ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் ஓரம் ஆறியிருக்கும், நடுவில் கை வைத்தால் சுடும். சோற்றை நான் இப்போது எடுத்துப் போவதே இல்லை. அரிசியாகக் கொண்டுபோய் அங்கேயே வடித்துக்கொள்வதில் என்ன சிரமம்?

ஆறிய குழம்பு, சூப், வேகவைத்த பருப்பு, இறைச்சி எல்லாவற்றையும் தடிமனான ஜிப் பைகளில் ஒரு வேளைக்கு ஒன்றாக ஊற்றி, காற்றை வெளியேற்றி, தட்டையாகப் படுக்கவைத்து உறையவிடுங்கள். உறையும்போது விரியும் என்பதால் கொஞ்சம் இடம் விட வேண்டும். இப்படித் தட்டையாக உறைந்தவை புத்தகம்போல அடுக்க வரும், சீக்கிரம் உருகவும் செய்யும். அதோடு அந்தப் பைகளே உங்களுக்கு ஐஸ். 1 கிராம் தண்ணீர் 1 டிகிரி சூடேற 1 கலோரி போதும், 1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும், அதனால்தான் உறைந்த பொருள் உள்ளே இருக்கும்வரை பெட்டி சில்லென்று நிற்கிறது. வெறும் குளிர்ந்த சாப்பாட்டை வைத்தால் அந்தப் பலன் கிடைக்காது.

வேகவைத்த உருளைக்கிழங்கை உறையவைத்தால் மணல்போல ஆகிவிடும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பர்போல இழுக்கும், வெள்ளரிக்காய் தொய்ந்துபோகும். இவற்றை அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கு எனக்குப் பிடித்த வழி, மசாலா தடவிப் பச்சையாகவே உறையவைப்பது, உருகும் நேரத்தில் அதுவே ஊறியும்விடும். ஆனால் பச்சை இறைச்சிப் பையை இன்னொரு பையில் போட்டுப் பெட்டியின் அடியில்தான் வைக்க வேண்டும், கசிந்தால் மற்றதில் படாது.

பெட்டியை முந்தின இரவே ஐஸ் போட்டுக் குளிரவைத்துவிடுங்கள். பொடி ஐஸைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும், தண்ணீர் பாட்டில்களை உறையவைத்தாலே போதும், உருகியதும் குடிக்கலாம். காலி இடம் இருந்தால் துண்டு வைத்து அடைத்துவிடுங்கள். முக்கியமாக, குடிக்கிற பானங்களுக்குத் தனிப் பெட்டி வேண்டும், குழந்தைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத்தான் திறப்பார்கள். சாப்பாட்டுப் பெட்டியை வழியில் திறக்கவே கூடாது.

போய்ச் சேர்ந்ததும் துணிமணிக்கு முன்னால் இந்தப் பெட்டியைப் பிரியுங்கள். முதல் இரவுக்கு உள்ளது பாதி உருகியிருக்கும், அப்படியே அடுப்பில் ஏற்றிவிடலாம். ஐஸ் துகள்கள் இன்னும் தெரிகிற பைகள் மறுபடி ஃப்ரீசருக்குப் போகலாம். மறுநாளைக்கு வேண்டியதை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், மேடையில் வைத்து உருகவிடாதீர்கள். சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரி வர வேண்டும், குழம்பு என்றால் தளதளவென்று கொதிக்கட்டும்.

அப்புறம், ஒரு நல்ல கத்தி எடுத்துப் போங்கள். நான் தங்கிய வாடகை வீடுகளில் இருந்த கத்தி எதுவும் தக்காளியைக்கூட ஒழுங்காக நறுக்கியதில்லை.